ஆறாம் தாள்

குளிர்பதனப் பெட்டியின் கதவில்
மீன் வடிவக் காந்தத்துக்குக் கீழே
ஐந்து தாள்கள்.
இன்று இரவு ஆறாவது.

ஜுபைலில் மணி பதினொன்று, முப்பத்தேழு டிகிரி.
காரிலிருந்து இறங்கினால்
மூக்குக்கண்ணாடி வெளுத்துப்போகிறது;
சுவரைத் தடவித்தான் படியேறுகிறேன்.
“இதுவும் மூடுபனிதானேப்பா?”
இல்லடா ஜோயல், இது கடல் விடுகிற மூச்சு.
அங்கே இருப்பது வேறு.

அங்கே என்றால் அசீர் தேசியப் பூங்கா.
ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் தள்ளி
இதே நாட்டில்
ஆகஸ்டிலும் போர்வை கேட்கும் ஒரு மலை.
நவ்ஷாத் போய்வந்து காட்டிய வீடியோவில்
நாய் முகமும் தாசில்தார் நடையுமாக ஒரு குரங்கு
அவன் கார் வைப்பரைப் பிடுங்கிக்கொண்டு போனது,
திரும்பிக்கூடப் பார்க்காமல்.
அன்றைக்கு எழுதியதுதான் முதல் தாள்.

அதில் இரண்டு குடும்பங்கள்.
பரக்கத்துல்லாவின் ஏழு இருக்கை வண்டி,
பின்னால் பிள்ளைகள், நடுவில் பெண்கள்.
மூன்றாம் தாளில் அந்த வரி அடிபட்டிருக்கிறது.
தலைக்கு இவ்வளவு ரியால் என்று
மாதாமாதம் கட்டி மாளாமல்
ஏப்ரலிலேயே எல்லோரையும்
கீழக்கரைக்கு அனுப்பிவிட்டார்.
ஐஸ் பெட்டியை மட்டும் நேற்றுக் கொண்டுவந்து தந்தார்.
மூடியில் அவர் மகள் ஒட்டிய முயல்,
ஒரு காது உரிந்து.
“வாங்களேன், இடம் இருக்கு” என்றேன்.
“எனக்கு எதுக்கு பாய், குளிர் ஒத்துக்காது” என்றார்.

நான்காம் தாள், விடுப்பு.
கடலைக் குடிநீராக்கும் ஆலை எங்களுடையது.
ஊரே இரண்டு வேளை குளிக்கிற மாதத்தில்
எவன் லீவு கேட்பான் என்று
அபூ துர்கி சிரித்தார்.
சிரித்து முடித்து மூன்று நாள் தந்தார்.
போக ஒன்று, வர ஒன்று.
ஜெனோவா கால்குலேட்டரை எடுத்தாள்:
“இருபத்தெட்டு மணி நேரம் உட்கார்ந்து
ஒரு பகல் நடுங்கணும். அப்படித்தானே?”
அப்படித்தான்.
“சரி” என்றாள்.
அவள் ‘சரி’க்கு நான் எப்போதும்
கொஞ்சம் பயப்படுவேன்.

ஐந்தாம் தாள் முழுக்கச் சாமான்.
இகாமா நகல்கள். ஜோயலுக்கு வாந்தி மாத்திரை.
ஸ்வெட்டர்
(இருக்கிறது, மால் ஏசிக்கு வாங்கியது).
கருவாட்டுத் துவையல் என்று எழுதி,
குரங்கை நினைத்து அடித்திருக்கிறாள்.
டயர்.
கார் பக்கத்தில் குத்தவைத்து
போன் வெளிச்சத்தில் அதன் பிறந்த வருடம் படித்தேன்.
ஐந்து வயது;
இந்த வெயிலில் டயருக்கு அது தள்ளாத காலம்.
நான்கும் மாற்ற வேண்டும்.
தங்கும் விடுதி என்பதற்குப் பக்கத்தில்
ஜெனோவா ஒரு கேள்விக்குறி போட்டாள்.
காரிலேயே தூங்கலாம் என்றான் ஜோயல்.
அதற்கும் ஒன்று.

பெனிலா எதுவும் சேர்க்கவில்லை.
மாத முடிவில் கோவைக்குக் கிளம்புகிறாள், கல்லூரி.
அவளுக்கு வேறு பட்டியல், வேறு பெட்டி,
ஒரு வழி டிக்கெட்.
காடு பார்க்கப் போகிறோம் என்றதற்கு
“ம்” என்றாள். தலை நிமிரவில்லை.

இன்று இரவு ஷிப்ட் முடிந்து
தண்ணீர் குடிக்கப் போனவன் பார்த்தேன்.
ஆறாம் தாளின் அடியில் அவள் சாய்ந்த கையெழுத்து:

‘ஜன்னல் சீட்.
ரியாத் வரைக்கும் நான்.
வாதி அல் தவாசிர் வரைக்கும் ஜோயல்.
மலை ஏறும்போது நான் (சண்டை கூடாது).
திரும்பி வரும்போது முழுக்க
ரெண்டு ஜன்னலும் அவனுக்கே.
பழகிக்கட்டும்.’

பாட்டிலைத் திறந்து வைத்தபடி நின்றேன்.
கதவைச் சாத்தச் சொல்லிப் பெட்டி
மூன்று முறை கத்தியது.
குளிர் காலில் இறங்கிக்கொண்டிருந்தது.
சாத்தினேன்.
பேனாவைத் தேடி எடுத்து
அவள் வரிக்குக் கீழே எழுதினேன்:
வைப்பர், உபரியாக ஒரு ஜோடி.